சி.என்.ஜி. கார் வாங்குமுன்: பங்க் தேடுவதிலிருந்து ஹைட்ரோ டெஸ்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக் கார் வாங்கப் போவதாக யாரிடம் சொன்னாலும், "சி.என்.ஜி. எடுங்கள், கிலோவுக்கு 34 ஓடும்" என்ற ஆலோசனை இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. அந்த 34 பொய்யான எண் அல்ல. மாருதியின் வேகன் ஆர் சி.என்.ஜி. வகைக்கு நிறுவனமே அறிவித்த மைலேஜ் அது. ஆனால் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் இடையே நான்கு ஆண்டுகளாகச் சி.என்.ஜி. கார் ஓட்டிய பிறகு, வாங்குபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி மைலேஜைப் பற்றியது அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எரிவாயு லாபமா நட்டமா என்பதைக் காரைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை, நாம் நாள்தோறும் போகும் பாதையில் இருக்கும் பங்க்கும், நாம் ஓட்டும் தூரமும்தான். ஆகவே இந்த வழிகாட்டி ஷோரூமில் தொடங்காமல் பங்க்கில் தொடங்குகிறது. அதற்கு முன்பு, சிலிண்டருக்குள் இருப்பது என்ன என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் படி: எந்த வாயு என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சி.என்.ஜி. என்பது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சமையலறையில் எரிவதும், சென்னையின் பழைய ஆட்டோக்கள் பலவற்றில் ஓடுவதும் எல்.பி.ஜி.; அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டையும் "கேஸ்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் நம் ஊரில் குழப்பம் நிறைய இருக்கிறது. ஆம்னி வேனில் வீட்டுச் சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக எரிவாயு ஏற்றும்போது தீப்பிடித்த செய்தியைப் படித்துவிட்டுச் சி.என்.ஜி. காரைக் கண்டு அஞ்சுபவர்கள் உண்டு. அந்த வேனில் இருப்பது எல்.பி.ஜி.; அது காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு படிந்து தேங்கும். மீத்தேன் காற்றைவிட ஏறத்தாழப் பாதி எடைதான் இருக்கும். திறந்த வெளியில் கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்துவிடும். தானாகத் தீப்பற்றும் வெப்பநிலையும் பெட்ரோலைவிட மீத்தேனுக்கு மிக அதிகம்.

எல்.பி.ஜி. மிதமான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். மீத்தேன் அப்படி எளிதில் திரவமாவதில்லை என்பதால், அதை 200 பார் அழுத்தத்தில் அடைத்துத்தான் காரில் ஏற்ற முடிகிறது. காரின் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று அதிகம் என்று நினைத்துக்கொண்டால், அதன் நூறு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் இரும்புச் சிலிண்டர் எதற்காக அவ்வளவு தடிமனாகவும் எடையாகவும் இருக்கிறது என்பது விளங்கிவிடும். டிக்கி சுருங்குவது, கார் கனப்பது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அலைவது ஆகிய எல்லா அசௌகரியங்களுக்கும் வேர் இந்த 200 பார்தான்.

விற்பனை லிட்டரில் அல்ல, கிலோவில் நடக்கிறது. ஒரு கிலோ சி.என்.ஜி.யில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். "பெட்ரோலில் 24, கேஸில் 34" என்று இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசும்போது வித்தியாசம் முழுவதுமே இந்த அளவு மாறுபாட்டிலிருந்து வந்துவிடுகிறது. இன்ஜின் ஏதோ மாயம் செய்வதாக எண்ண வேண்டியதில்லை.

மீத்தேன் என்ற சொல் தமிழ்நாட்டில் வெறும் வேதியியல் சொல்லாக மட்டும் ஒலிப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2017-இல் நெடுவாசலில் எழுந்த போராட்டத்தையும், 2020-இல் டெல்டா பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கப்பட்டதையும் மறக்காத வாசகர்கள், சிலிண்டரில் இருப்பதும் அதே வாயுவா என்று கேட்பார்கள். வாயு அதே வாயுதான். வரும் வழிதான் பெரும்பாலும் வேறு. காவிரிப் படுகையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கிடைக்கும் எரிவாயு ஒருபுறம் இருக்க, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் 2019-இல் தொடங்கிய முனையத்தில், மைனஸ் 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்கப்பட்ட எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. நாட்டின் தேவையில் ஏறத்தாழப் பாதி இப்படி இறக்குமதியாகிறது என்பது, விலையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

இரண்டாம் படி: பங்க்குக்கு நேரில் போய்ப் பாருங்கள்

கைப்பேசி வரைபடத்தில் புள்ளிகளை எண்ணுவது போதாது. புள்ளி இருக்கும் இடத்தில் பங்க் இருக்கலாம். ஆனால் நீங்கள் போகும் நேரத்தில் அங்கே எரிவாயு இருக்குமா, இருந்தாலும் போதிய அழுத்தம் இருக்குமா என்பது வேறு விஷயம். இதற்குக் காரணம் பங்க்குகள் எல்லாம் ஒரே வகையாக இல்லாததுதான். குழாய் வழியாக எரிவாயு வந்து, அங்கேயே கம்ப்ரஸர் வைத்து அழுத்தி நிரப்பும் நிலையங்கள் முதல் வகை. திரவ எரிவாயுவை டேங்கரில் கொண்டுவந்து, பங்க்கிலேயே வாயுவாக்கித் தருபவை இரண்டாம் வகை. தாய் நிலையம் ஒன்றில் அடுக்குச் சிலிண்டர்களில் நிரப்பி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி விற்கும் சேய் நிலையங்கள் மூன்றாம் வகை.

இந்த மூன்றாம் வகையில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். லாரி வந்து இறங்கியவுடன் வரும் முதல் சில வண்டிகளுக்கு 200 பார் அழுத்தம் கிடைக்கும். பிறகு வரும் ஒவ்வொரு வண்டியும் அடுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செல்லச் செல்ல அழுத்தம் குறைந்துகொண்டே வரும். பின்னால் நிற்பவருக்கு 150, 160 பாரில் நின்றுவிடும். அங்கே அழுத்தத்தை ஏற்றித் தரும் பூஸ்டர் நன்றாக வேலை செய்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். எல்லா இடத்திலும் அது சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் முழு அழுத்தத்தில் சுமார் 8 முதல் 9 கிலோ வரை ஏறும். 160 பாரில் நின்றால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் ஏறியிருக்கும். கொடுக்கும் பணம் ஏறிய கிலோவுக்கு மட்டுமே என்பதால் இதில் பண நட்டம் இல்லை. ஆனால் அடுத்த வரிசையில் அவ்வளவு சீக்கிரம் மறுபடியும் நிற்க வேண்டும்.

நான் முதல் மாதத்தில் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் வழியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆட்டோக்களும் டாக்ஸிகளும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக நிற்கும். அரை மணி நேரம் கழித்து என் முறை வரும்போது மீட்டர் ஐந்தரைக் கிலோவில் நின்றுவிடும். வரிசையில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தான், "சார், காலைல ஆறு மணிக்கு வாங்க, வண்டியும் சில்லுனு இருக்கும், பிரஷரும் ஃபுல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதில் இயற்பியலும் இருக்கிறது. வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் வாயு சூடேறுகிறது. சூடான வாயு குறைந்த எடையிலேயே 200 பாரை எட்டிவிடுகிறது. சித்திரை மதியத்தில் நிரப்பிய வண்டியில், இரவு குளிர்ந்த பிறகு முள் இறங்கியிருப்பதைப் பார்த்துக் கசிவு என்று பலர் பதறுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே வாங்குமுன் செய்யவேண்டியது இது: வழக்கமாக நீங்கள் நிரப்பக்கூடிய நேரத்தில், உங்கள் பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விலகாத பங்க்குக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் போய் நில்லுங்கள். வரிசையில் எத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு எத்தனை நிமிடம், எந்த அழுத்தத்தில் நிற்கிறது, எரிவாயு தீர்ந்து பங்க் மூடிக் கிடக்கும் நேரம் உண்டா என்று ஊழியரிடமும் ஆட்டோக்காரர்களிடமும் கேளுங்கள். அப்படிப்பட்ட பங்க் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்த வழிகாட்டியின் மீதியைப் படிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. பெட்ரோல் காரையே எடுத்துவிடலாம்.

மூன்றாம் படி: உங்கள் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

விலைகள் ஊருக்கு ஊரும் மாதத்துக்கு மாதமும் மாறும் என்பதால், கீழே உள்ளதை மாதிரியாக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் ஒரு சிறிய கார் பெட்ரோலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், எரிவாயுவில் கிலோவுக்கு 25 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். நிறுவனங்கள் சொல்லும் எண்களை இங்கே போடக் கூடாது. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 61 காசும், எரிவாயுவில் 3 ரூபாய் 60 காசும் ஆகும்; மிச்சம் ஏறத்தாழ 2 ரூபாய்.

ஒரே மாடலில் சி.என்.ஜி. வகைக்குக் கூடுதலாக 95,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பணம் திரும்பி வருவதற்கு 47,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் அலுவலகக்காரருக்கு அது கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். மாதம் 2,500 ஓடும் டாக்ஸிக்காரருக்கு ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுத்து, மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பத்து ஆண்டுகள் ஆகும். அவருக்கு யாராவது சி.என்.ஜி. கார் விற்றால், அது விற்பவரின் திறமையே தவிர வாங்குபவரின் லாபம் அல்ல.

விலை நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2021-இன் தொடக்கத்தில் டெல்லியில் கிலோ 43 ரூபாய் அளவில் இருந்த சி.என்.ஜி., 2022 டிசம்பரில் 79 ரூபாயைத் தாண்டியது. உக்ரைன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் திரவ எரிவாயுவின் விலை தாறுமாறாக ஏறியது அதற்கு முக்கியக் காரணம். எரிவாயு விலையை ஆராய மத்திய அரசு அமைத்த கிரீட் பாரிக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2023 ஏப்ரலில் உள்நாட்டு எரிவாயுவின் விலையைக் கச்சா எண்ணெய் விலையின் 10 விழுக்காட்டோடு இணைத்து, அதற்கு உச்சவரம்பும் விதித்தார்கள். அதனால் ஏற்றம் ஓரளவு அடங்கியது. ஆனால் 2024-இன் இறுதியில் நகர எரிவாயு நிறுவனங்களுக்கான மலிவு உள்நாட்டு ஒதுக்கீடு குறைக்கப்பட்டபோது, விலையுயர்ந்த எரிவாயுவை வாங்கிக் கலக்கவேண்டிய நிலை அவற்றுக்கு வந்தது. போதாக்குறைக்கு, இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலந்தோறும் வாட் வரி வேறு. மேலே போட்ட கணக்கில் பெட்ரோல் அசையாமல் சி.என்.ஜி. மட்டும் 10 ரூபாய் ஏறினால், பணம் திரும்பும் தூரம் 47,000-இலிருந்து 59,000 கிலோமீட்டராகிவிடும். அந்த நிலையிலும் லாபமாகத் தெரிந்தால் துணிந்து வாங்கலாம்.

நான்காம் படி: கம்பெனி வண்டியா, வெளியில் கிட் போடுவதா

என் தேர்வு தெளிவானது: முடிந்தவரை தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் வண்டியை வாங்குங்கள். எரிவாயு, பெட்ரோலைப் போலத் திரவமாக உள்ளே போய் ஆவியாகி வால்வுகளைக் குளிர்விப்பதில்லை. உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு அமரும் இடம் விரைவில் தேயும். தொழிற்சாலையில் தயாராகும் வண்டிகளில் இதற்காகக் கடினப்படுத்திய பாகங்களைப் போடுகிறார்கள். சஸ்பென்ஷனையும் கூடுதல் எடைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். பெட்ரோல் வண்டியில் வெளியே கிட் (சிலிண்டரும் குழாய்களும் அடங்கிய தொகுப்பு) போட்டால் இந்தத் தயாரிப்பு எதுவும் இருக்காது. கார் நிறுவனத்தின் வாரண்டியும் பெரும்பாலும் போய்விடும்.

ஏற்கெனவே பெட்ரோல் கார் வைத்திருந்து நிறைய ஓட்டுபவர்கள் கிட் போடத்தான் செய்வார்கள், பி.எஸ். 6 என்ற புகைத் தரநிலைக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளில் அதைப் பொருத்தலாம் என்று 2022-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதித்தும் இருக்கிறது. ஆனால் எந்தக் கிட்டும் எந்த வண்டிக்கும் பொருந்திவிடாது. உங்கள் மாடலுக்கென்று ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் வழங்கிய வகைச் சான்றிதழ் அந்தக் கிட்டுக்கு இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பொருத்தும் மையம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பில், சான்றிதழ், சிலிண்டரின் சோதனைச் சான்று ஆகிய மூன்றையும் கையில் வாங்காமல் வண்டியை எடுத்து வரக் கூடாது.

அடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, எரிபொருள் மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றியே ஆக வேண்டும். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியில் கிட்டைச் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கிட்டின் மதிப்பில் 4 விழுக்காடும், மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும் கூடும். இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருந்த அவர் வண்டி பின்பக்கம் அடிபட்டபோது, டிக்கியில் சிலிண்டரைப் பார்த்த சர்வேயர் படத்தை எடுத்துக்கொண்டு எதுவும் பேசாமல் போய்விட்டார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கிட் போட்ட பட்டறை, "ஆர்.சி. மாத்துறது உங்க வேலை சார்" என்று கைகழுவிவிட்டது.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

ஷோரூமில் டிக்கியைத் திறந்து பாருங்கள். 60 லிட்டர் சிலிண்டர் படுத்திருக்கும் வண்டியில் இரண்டு கைப்பைகளும் ஒரு அரிசிச் சிப்பமும் வைத்தால் நிறைந்துவிடும். டாடா 2023-இல் ஆல்ட்ராஸில் 30 லிட்டராக இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைத்து இதற்கு ஒரு விடை கண்டது. பிறகு ஹூண்டாயும் அதே வழியில் வந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் இந்த இரட்டைச் சிலிண்டர் வகையை மட்டுமே பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பஞ்சர் கிட்டை மட்டும் கொடுத்து அனுப்பும் மாடல்களும் உண்டு.

பிக்கப் குறைவு உண்மையானதுதான். வாயு நிலையில் உள்ளே நுழையும் எரிபொருள், காற்றுக்கு உரிய இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால், ஒவ்வொரு வெடிப்பிலும் கிடைக்கும் சக்தி குறைகிறது. வேகன் ஆரின் ஒரு லிட்டர் இன்ஜின் பெட்ரோலில் 67 குதிரைத்திறன் தருகிறது, எரிவாயுவில் 57. கூடவே வண்டியும் சுமார் 90 கிலோ கனக்கிறது. அண்ணா சாலை நெரிசலில் இந்தக் குறை தெரியாது. நான்கு பெரியவர்களும் சாமான்களும் ஏசியுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நன்றாகவே தெரியும். அடிவாரத்திலேயே ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவதுதான் வழி. இரட்டை எரிபொருள் என்பதன் உண்மையான மதிப்பு அங்கேதான் விளங்குகிறது. நீண்ட பயணத்திலும் அப்படியே. ஒருமுறை நிரப்பினால் 200 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதற்குள் இரண்டு முறையாவது நிரப்ப வேண்டியிருக்கும். பங்க் கிடைக்காவிட்டால் நடுவழியில் நிற்கப் போவதில்லை, பெட்ரோலில் போய்விடலாம். மிச்சம் மட்டும் போகும்.

இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இப்போது வழி திறந்திருக்கிறது. பஜாஜ் 2024 ஜூலையில் வெளியிட்ட ஃப்ரீடம் 125 பைக்கில் 2 கிலோ எரிவாயுவும் 2 லிட்டர் பெட்ரோலும் கொள்ளும். பெட்ரோல் டேங்க் இவ்வளவு சிறியது என்பதால், இதில் பங்க்கின் அருகாமை காரைவிடவும் முக்கியம்.

ஆறாம் படி: அன்றாடப் பழக்கங்கள்

நிரப்பும்போது இன்ஜினை அணைத்து எல்லோரும் இறங்கிவிட வேண்டும். குழந்தை தூங்குகிறது, மழை பெய்கிறது என்ற காரணங்கள் செல்லாது. ஊழியர் நாசிலைப் பொருத்தும் இடத்தைச் சுற்றித் தூசியோ எண்ணெயோ இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வளையம் பழுதடைந்தால் நிரப்பும்போது அங்கேதான் கசியும். நாசிலைக் கழற்றும்போது வரும் "புஸ்" என்ற ஒரு சிறு சத்தம் இயல்பானது. அது தொடர்ந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

எரிவாயுவில் ஓடுகிறதே என்று பெட்ரோல் டேங்கைக் காயவிடுவது பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சூடான பிறகே எரிவாயுவுக்கு மாறும். டேங்கில் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது மாதக்கணக்கில் தேங்கினால் ஈரத்தை இழுக்கும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்; வாரத்தில் ஒரு நாள் பத்துக் கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

ஸ்பார்க் பிளக் பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் எரிவாயுவில் மிஸ்ஸிங் முதலில் தெரியும். மாறாக, எரிவாயு சுத்தமாக எரிவதால் இன்ஜின் ஆயில் கறுப்பது குறைவு. ஆயிலை வெளியே எடுத்துப் பார்த்த மெக்கானிக் ஒருவர், ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா என்று என்னைக் கேட்டதுண்டு. அதற்காக ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிவிடாதீர்கள்.

எரிவாயுவில் மணத்துக்காகக் கலக்கும் பொருளின் நெடி காருக்குள் அடித்தால், ஸ்விட்ச் எதையும் தொடாமல் இன்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்து, சிலிண்டர் மேல் இருக்கும் கைவால்வை மூடுங்கள். அந்த வால்வு எந்தப் பக்கம் மூடும் என்பதை வண்டி வாங்கிய அன்றே ஒருமுறை செய்து பாருங்கள். ஆபத்தில் கையேடு தேட நேரம் இருக்காது. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது சர்வீஸ்காரரின் வேலை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. மீத்தேன் மேலே எழும்பும் என்பதால், நான்கு பக்கமும் அடைத்த ஷெட்டில் நிறுத்துபவர்கள் கூரையை ஒட்டி ஒரு காற்றுப்போக்கி வைக்க வேண்டும். தரைமட்ட ஜன்னல் இதற்கு உதவாது.

ஏழாம் படி: ஹைட்ரோ டெஸ்ட்

வாங்கும்போது விற்பனையாளர் சொல்ல மறக்கும் விஷயம் இதுதான். எரிவாயுச் சிலிண்டர் விதிகளின்படி, வண்டியில் இருக்கும் சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் அதைச் செய்ய முடியும். சிலிண்டரைக் கழற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட மிக அதிக அழுத்தம் கொடுத்து, அது எவ்வளவு விரிகிறது, அழுத்தம் நீங்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். உலர்த்தி மீண்டும் பொருத்தித் தருவதற்கு ஒரு நாளாவது ஆகும்.

என் முதல் சோதனைத் தேதியை நான் மறந்துவிட்டேன். பதினொரு நாள் தாண்டியிருந்தது. பங்க் ஊழியர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, அங்கே இருந்த சிறு தகட்டைப் படித்துவிட்டு, நாசிலைத் திரும்பத் தொங்கவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. அருகில் சோதனை மையம் எங்கே இருக்கிறது என்று தேடி, முறை கிடைத்து, வண்டி திரும்பி வருவதற்குள் இரண்டு வாரம் பெட்ரோலிலேயே ஓடினேன். ஆகவே தேதிக்கு ஒரு மாதம் முன்பே மையத்தைத் தேடி முன்பதிவு செய்துவிடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில்கூட மையம் இல்லாத இடங்கள் இருக்கின்றன என்பதால், வண்டி வாங்குமுன்பே இதையும் விசாரிப்பது நல்லது.

சுற்றுச்சூழலுக்காக வாங்குபவர்களுக்கு

1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் டெல்லியின் பேருந்துகள் அனைத்தையும் சி.என்.ஜி.க்கு மாற்ற உத்தரவிட்டது. 2001-இல் ஆட்டோக்களும் பேருந்துகளும் நிரப்பும் நிலையங்களில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதும், 2002 டிசம்பருக்குள் நகரப் பேருந்துகளிலிருந்து டீசல் விலகியதும் பலருக்கும் நினைவிருக்கும். கரும்புகையைப் பொறுத்தவரை அந்த மாற்றம் வெற்றிதான். எரிவாயுவில் கரித்துகள் மிகக் குறைவு. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அப்படி மறைந்துவிடுவதில்லை. கரியமில வாயு பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைவாக வெளிவரும். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும்; கிணற்றிலிருந்து பங்க் வரை சிறு விழுக்காடு கசிந்தாலே அந்த ஆதாயம் கரைந்துவிடும். இதில் எனக்கு நம்பிக்கை தருவது சாண எரிவாயுதான். கரும்பாலைக் கழிவு, கோழி எரு, சாணம் ஆகியவற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த உயிரி எரிவாயுவும் அதே மீத்தேன்தான். அதே சிலிண்டரில் அப்படியே ஓடும். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் அத்தகைய ஆலை இயங்குகிறது. 2025-26 நிதியாண்டு முதல் நகர எரிவாயு நிறுவனங்கள் ஒரு விழுக்காடு உயிரி எரிவாயுவைக் கலந்தாக வேண்டும் என்றும், அது படிப்படியாக ஐந்து விழுக்காடாக உயரும் என்றும் அரசு அறிவித்திருக்கிறது.

எட்டாம் படி: பழைய சி.என்.ஜி. வண்டி வாங்குவதானால்

டாக்ஸியாக ஓடி, நிறம் மாற்றிச் சொந்த வண்டியாக விற்பனைக்கு வரும் சி.என்.ஜி. கார்கள் சந்தையில் அதிகம். காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது, நிறைய ஓடுபவர்கள்தான் இதை வாங்குகிறார்கள். ஆகவே ஓடோமீட்டரை நம்புமுன் ஆர்.சி.யில் வண்டி முன்பு எந்த வகையில் பதிவாகியிருந்தது என்று பாருங்கள். எரிபொருள் பகுதியில் பெட்ரோலோடு சி.என்.ஜி.யும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எரிவாயுவிலும், பிறகு முழுக்கக் குளிர்ந்த நிலையில் பெட்ரோலிலும் தனித்தனியாக ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பாருங்கள். எரிவாயுவில் மட்டும் நன்றாக ஓடி, பெட்ரோலில் திணறும் வண்டியில் இன்ஜெக்டரோ பம்போ நீண்ட நாள் பயன்படாமல் கெட்டிருக்கும்.

கடைசியாக, டிக்கிக் கம்பளத்தை எடுத்துவிட்டு ஒரு டார்ச்சோடு சிலிண்டரைப் பாருங்கள். துரு, அடிபட்ட பள்ளம், புதிதாக அடித்த பெயின்ட் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் விலையைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். சிலிண்டரில் அடித்திருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஹைட்ரோ டெஸ்ட் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, அடுத்த சோதனைத் தேதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தச் செலவை விற்பவர் தலையில் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.